இன்ஜின் ஃபிட்டர் நான்கு ஆண்டில் உருவாவதில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் மிக்-21 போர் விமானத்துக்கு நடந்த பிரியாவிடை பற்றித் தங்கள் நாளிதழ் உட்பட எல்லாப் பத்திரிகைகளும் விரிவாக எழுதின. 1963-இல் விமானப்படையில் சேர்ந்து அறுபத்திரண்டு ஆண்டுகள் பறந்த அந்த விமானத்தை ஓட்டியவர்களின் வீரமும் தியாகமும் அவற்றில் உரிய மதிப்புடன் நினைவுகூரப்பட்டன. அதைப் படித்து மகிழ்ந்தவர்களில் நானும் ஒருவன். விமானப்படையில் இருபத்து நான்கு ஆண்டுகள் இன்ஜின் ஃபிட்டராகப் பணிபுரிந்து ஓய்வுபெற்றவன் நான். அந்தக் காலத்தில் பெரும்பகுதியை மிக்-21 பிஸ் ரகத்தின் ஆர்-25 இன்ஜினோடுதான் கழித்தேன். இந்தக் கடிதத்தை நான் எழுதுவது பழைய நினைவுகளைப் பகிர்ந்துகொள்வதற்காக மட்டும் அன்று. வீரர்களை நான்காண்டுப் பணிக்கு எடுக்கும் அக்னிபத் திட்டத்தில் 2022 டிசம்பரில் பயிற்சியைத் தொடங்கிய விமானப்படையின் முதல் அணிக்கு 2026 இறுதியோடு நான்காண்டுகள் முடிகின்றன. அவர்களில் அதிகபட்சம் நூற்றுக்கு இருபத்தைந்து பேரே தொடர்ந்து பணியில் வைத்துக்கொள்ளப்படுவார்கள் என்பது திட்டத்தின் விதி. இன்ஜின் பராமரிப்பு போன்ற தொழில்நுட்பப் பிரிவுகளுக்கு இந்த விதி பொருந்தாது என்பதை, அந்த வேலை எப்படிப்பட்டது என்று எடுத்துச் சொல்லி விளக்குவதே என் நோக்கம்.

நான் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கையோடு சேர்ந்தவன். பெலகாவியில் அணிவகுப்பும் அடிப்படைப் பயிற்சியும் முடிந்தபின் தாம்பரத்தில் உள்ள இயந்திரவியல் பயிற்சி நிலையத்துக்கு அனுப்பப்பட்டேன். அங்கே ஓராண்டுக்கும் மேலாகக் கம்ப்ரஸர், எரி அறை, டர்பைன், எரிபொருள் பம்ப், எண்ணெய்ச் சுழற்சி என்று ஒவ்வொன்றையும் வெட்டித் திறந்து வைத்த பழைய இன்ஜின்களில் பார்த்துப் படித்தோம். தேர்வில் நல்ல மதிப்பெண்ணும் பெற்றேன். ஆனால் ராஜஸ்தான் எல்லைப்பக்கத்துத் தளம் ஒன்றில் முதன்முதலாக உயிருள்ள விமானத்தின் அருகில் போய் நின்றபோது, நான் கற்றது அகரவரிசை மட்டுமே என்பது அரை மணி நேரத்தில் விளங்கிவிட்டது. அந்த விமானத்தின் இன்ஜின் வெளியே தெரியாது. வாலோடு சேர்ந்த பின்பாதி உடலை முன்பாதியிலிருந்து பிரித்து, தனி டிராலியில் வைத்துப் பின்னோக்கி நகர்த்தினால்தான் இன்ஜின் கண்ணில் படும். பிரிப்பதற்கு முன் இரு பாதிகளுக்கும் இடையே ஓடும் குழாய்கள், மின்கம்பிகள், கட்டுப்பாட்டுத் தண்டுகள் அத்தனையையும் ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும். திரும்பப் பூட்டும்போது ஒன்றுகூட விட்டுப்போகக் கூடாது. பல இடங்களில் கை மட்டுமே நுழையும், கண் நுழையாது. விரல்நுனியால் தடவி நட்டைக் கண்டுபிடித்து, ஸ்பேனரை அரைக்கால் சுற்றுக்கு மேல் திருப்ப முடியாத இடுக்கில் அதை இறுக்கி, பிறகு சின்னக் கண்ணாடியையும் டார்ச்சையும் பிடித்துச் சரிபார்க்க வேண்டும். சித்திரை வெயிலில் காய்ந்து கிடக்கும் உலோகத்தில் கையுறை இல்லாமல் இதைச் செய்வோம்; கையுறை போட்டால் விரலுக்கு நட்டு தெரியாது.

லாக்கிங் ஒயர் என்று ஒன்று உண்டு. இந்தத் தொழிலில் இல்லாதவர்களுக்கு அது ஒரு மெல்லிய துருப்பிடிக்காத கம்பி, அவ்வளவுதான். நிமிடத்துக்குப் பதினோராயிரம் சுற்றை ஒட்டிச் சுழலும் ஓர் இயந்திரத்தின் அதிர்வில் எவ்வளவு இறுக்கிய போல்ட்டும் மெல்ல மெல்லத் தளரப் பார்க்கும். அதனால் போல்ட்டின் தலையில் உள்ள நுண்ணிய துளை வழியே கம்பியைச் செலுத்தி, முறுக்கி, பக்கத்துப் போல்ட்டோடு கட்டிவிடுவோம். ஒரு போல்ட் தளர முயன்றால் அதே இழுப்பு மற்றதை இறுக்குகிற திசையில் கம்பி அமைய வேண்டும். முறுக்கு குறைந்தால் கம்பி தொய்யும், கூடினால் அறுந்துவிடும். முடிவில் மிஞ்சும் நுனியை வெட்டும்போது இன்னொரு கையால் பிடித்துக்கொண்டே வெட்ட வேண்டும். தெறித்து விழுந்த நுனி கிடைக்கும்வரை அந்த இடத்தை விட்டு நகரக் கூடாது, ஏனென்றால் அரிசி அளவுள்ள அந்தக் கம்பித்துண்டு ஒரு மின்இணைப்பைத் துண்டிக்கவோ கம்ப்ரஸர் பிளேடை நெளிக்கவோ போதும். நான் பூட்டிய முதல் கம்பியை எங்கள் மூத்த வாரண்ட் ஆபீசர் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் வெட்டி எறிந்தார். அன்று மாலைக்குள் பதினொரு முறை வெட்டினார். பன்னிரண்டாவதை விரலால் நெருடிப் பார்த்துவிட்டு நகர்ந்து போனார். அந்த ஒரு வேலையை மேற்பார்வை இல்லாமல் செய்யும் தகுதி எனக்கு எப்போது வந்தது என்று கேட்டால், இரண்டாம் ஆண்டின் முடிவில் என்றுதான் உண்மையாகச் சொல்ல முடியும்.

அவரிடமிருந்து நான் கற்ற இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தரையில் இன்ஜினை ஓட்டிச் சோதித்து நிறுத்தும்போது, எரிபொருளை அடைத்த நொடியிலிருந்து சுழலி முழுவதும் ஓய்கிறவரை எத்தனை விநாடி ஆகிறது என்று கடிகாரத்தில் அளப்பது வழக்கம். குறித்த நேரத்துக்கு முன்பே நின்றுவிட்டால் உள்ளே எங்கோ உரசல் இருக்கிறது என்று பொருள். அவர் கடிகாரத்தை எங்களில் ஒருவரிடம் கொடுத்துவிட்டு, தாம் கண்ணை மூடிக்கொண்டு பாதுகாப்பான தொலைவில் நின்று கேட்பார். என் மூன்றாம் ஆண்டில் ஒரு மாலை, கடிகாரம் காட்டிய நேரம் வரம்புக்குள்தான் இருந்தது. படிவத்தில் எழுத நான் பேனாவையும் எடுத்துவிட்டேன். அவர் கையை உயர்த்தித் தடுத்தார். கடைசிச் சுற்றுகளில் ஒரு சத்தம் வருகிறது, உனக்குக் கேட்கவில்லையா என்றார். எனக்குக் கேட்கவில்லை. மறுமுறை ஓட்டி நிறுத்தினோம். அப்போதும் எனக்குக் கேட்கவில்லை. எண்ணெய் வடிகட்டியைக் கழற்றி வெள்ளைத் துணியில் தட்டியபோது, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் உலோகச் செதில்கள் மின்னின. இன்ஜினை இறக்கி அனுப்பினோம். பேரிங் ஒன்று சிதையத் தொடங்கியிருந்ததாகப் பிறகு தகவல் வந்தது. மறுநாள் காலை அந்த விமானத்தில் ஏற வேண்டியிருந்தவர் இருபத்து நான்கு வயது விமானி. மிக்-21க்கு இருந்தது ஒற்றை இன்ஜின்; அது வானில் நின்றால் இன்னொன்று கைகொடுக்காது. அந்தச் சத்தத்தை நானே தனியாகக் கேட்டு இனங்கண்டது என் ஏழாவது ஆண்டில்.

ஆசிரியர் அவர்களே, இந்த ஏழாவது ஆண்டு என்பதைத்தான் நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். அக்னிபத் திட்டத்தில் சேரும் அக்னிவீரரின் நான்காண்டில் அடிப்படைப் பயிற்சி, தொழிற்பயிற்சி, அவர் அனுப்பப்படும் விமான ரகத்துக்கான தனிப்பயிற்சி ஆகியவையும் அடக்கம். ஆண்டுக்கு முப்பது நாள் விடுப்பு என்று கணக்கிட்டால் அதில் நான்கு மாதங்கள் போகும். எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தால் ஹேங்கரிலும் ஓடுதளத்தின் ஓரத்திலும் அவர் உண்மையில் இன்ஜினைத் தொடும் காலம் மூன்றாண்டுக்கும் குறைவுதான். அதாவது, அருகில் நின்றும் சத்தம் கேட்காத அன்றைய என் நிலையை எட்டும்போது அவர் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊர் திரும்ப வேண்டும். அவருக்குப் பதிலாக வருபவர் மறுபடியும் முதல் கம்பியிலிருந்து தொடங்குவார்.

இந்தத் திட்டத்தின் நோக்கங்களை நான் குறைத்து மதிப்பிடவில்லை. படையின் சராசரி வயதைக் குறைக்க வேண்டும் என்பதும், ஓய்வூதியச் செலவு நவீன ஆயுதங்களுக்கான பணத்தை விழுங்கிவிடக் கூடாது என்பதும் நியாயமான கவலைகள். மலையேறிப் போரிடும் காலாட்படை வீரருக்கு இளமை பெரிய பலம் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். இன்ஜின் ஃபிட்டரின் பலம் வேறு. எங்கள் பிரிவில் முப்பத்தெட்டு வயதுக்காரரை யாரும் கிழவர் என்று சொன்னதில்லை. அவர் இல்லாத நாளில் விமானத்தை விடுவிக்கக் கையெழுத்திட ஆள் தேட வேண்டியிருந்தது. முன்பு விமானப்படையில் சேரும் வீரரின் முதல் ஒப்பந்தமே இருபது ஆண்டுகள் என்று வைத்ததற்குக் காரணம் கருணை அன்று. ஒருவரைத் தயார் செய்ய ஆகும் காலமும், தயாரானபின் அவரிடமிருந்து கிடைக்கும் பயனும் கணக்கிடப்பட்டிருந்தன.

அந்தக் கையெழுத்தைப் பற்றியும் கொஞ்சம் விளக்க வேண்டும். ஒவ்வொரு விமானத்துக்கும் ஃபார்ம் 700 என்ற பதிவேடு உண்டு. பறப்புக்கு முன், இரண்டு பறப்புகளுக்கு இடையே, பறப்பு முடிந்தபின் என்று ஒவ்வொரு சோதனைக்கும் அதில் செய்தவர் கையெழுத்திடுவார். இன்றியமையாத வேலைகளில், செய்தவர் ஒருவர், அதை மறுபடி சரிபார்ப்பவர் இன்னொருவர். சரிபார்ப்பவர் செய்தவரைவிட அனுபவம் மிக்கவராக இருந்தால்தான் இந்த ஏற்பாட்டுக்குப் பொருள் உண்டு. விமானி வந்து அந்தப் பக்கத்தைப் பார்த்துத் தாமும் கையெழுத்திட்டுவிட்டு ஏணியில் ஏறுவார். அவர் இன்ஜினைத் திறந்து பார்ப்பதில்லை. பெயர்களை நம்பி ஏறுகிறார். நான் கையெழுத்திட்ட விமானம் திரும்பி வந்து சக்கரம் தரையைத் தொடும்வரை தேநீர்கூட அருந்தாமல் வெளியே நின்ற நாள்கள் எத்தனையோ. மிக்-21ஐப் பறக்கும் சவப்பெட்டி என்று சிலர் எழுதும்போதெல்லாம், விமானிகளை இழந்த குடும்பங்களின் துயரத்தை முழுமையாக உணர்ந்தே சொல்கிறேன், அதை ஒவ்வொரு விடியலிலும் துடைத்துச் சோதித்து அனுப்பிய எங்கள் நெஞ்சில் அந்தச் சொல் தைத்தது.

இந்தக் குறைபாடு இன்றோ நாளையோ வெளியே தெரியாது என்பதுதான் என் பெரிய அச்சம். இன்று ஹேங்கர்களில் கையெழுத்திடும் சார்ஜன்ட்களும் வாரண்ட் ஆபீசர்களும் பழைய முறையில் சேர்ந்தவர்கள். அவர்களின் தோளில் அக்னிவீரர்கள் நிற்பதால் எல்லாம் சரியாக நடப்பதாகவே தோன்றும். அறிக்கைகளும் அப்படியே சொல்லும். ஆனால் அந்தக் கடைசி அணிகள் 2040-ஐ ஒட்டி ஓய்வுபெறும்போது, அவர்களின் இடத்தில் சரிபார்க்க நிற்கப்போகிறவர்கள், ஒவ்வோர் அணியிலும் தக்கவைக்கப்பட்ட கால்வாசிப் பேர் மட்டுமே. அவர்களிலும் சிலர் வேறு பணிகளுக்கு மாறுவார்கள், சிலருக்குப் பயிற்றுநர் பொறுப்பு வரும். புதியவர் பன்னிரண்டு முறை கம்பி முறுக்கும்வரை பொறுமையாக அருகில் நிற்க ஆள் எத்தனை பேர் மிஞ்சுவார்கள்?

இப்போதைய இன்ஜின்கள் தம் கோளாற்றைத் தாமே சொல்லிவிடும், பகுதி பகுதியாகக் கழற்றி மாற்றிக்கொள்ளலாம், அதனால் பழைய அனுபவம் தேவைப்படாது என்று ஒரு வாதம் உண்டு. சூலூரில் நிற்கும் தேஜஸ் விமானத்தின் எஃப்404 இன்ஜினைக் கணினி கட்டுப்படுத்துகிறது என்பது உண்மை. தஞ்சாவூரில் 2020 ஜனவரியில் நிறுத்தப்பட்ட சுகோய்-30 விமானத்தின் ஏ.எல்-31எஃப்.பி. இன்ஜினும் நான் பார்த்த ஆர்-25ஐவிட எவ்வளவோ முன்னேறியது. அதன் வால்முனை திசை திரும்பி விமானத்தையே வளைக்கிறது. இருந்தாலும் ஒரு பறவையோ ஒரு கல்லோ உள்ளே போய் முன்வரிசை பிளேடின் விளிம்பில் சிறிய வெட்டு விழுந்தால், அதை விரல்நகத்தால் இழுத்துப் பார்ப்பவர் மனிதர்தான். நகம் மாட்டுகிறதா, மாட்டினால் வெட்டு எவ்வளவு ஆழம், விளிம்பின் எந்தப் பகுதியில் இருக்கிறது, தேய்த்துச் சரிசெய்து பறக்கவிடலாமா அல்லது இன்ஜினை இறக்கத்தான் வேண்டுமா என்று புத்தகத்தில் அளவு போட்டிருக்கும். ஆனால் இன்ஜினுக்குள் எட்டிப் பார்க்க உதவும் போரஸ்கோப்பின் குழாய் வழியே தெரியும் மங்கலான கோடு, விரிசலா, புகைக்கறையா, ஒளியின் நிழலா என்று புத்தகம் சொல்லாது. நூறு நல்ல பிளேடுகளைப் பார்த்த கண்ணுக்குத்தான் நூற்று ஒன்றாவது பிளேடு தவறானது என்று படும். கருவிகள் கூடக்கூட, அவை காட்டுவதன் பொருளை அறிந்தவர்களின் தேவை கூடுகிறதே ஒழிய குறையவில்லை.

செலவுக் கணக்கிலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சுகோய் விமானங்களுக்காக 240 ஏ.எல்-31எஃப்.பி. இன்ஜின்களை வாங்க 2024 செப்டம்பரில் பாதுகாப்பு அமைச்சகம் ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனத்துடன் 26,000 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட ஒப்பந்தம் செய்தது. ஒடிசாவின் கோராபுட்டில் அவை தயாராகின்றன. வகுத்துப் பார்த்தால் ஓர் இன்ஜினின் விலை நூறு கோடி ரூபாயைத் தாண்டுகிறது. அதன் ஆயுளைக் காக்கிற ஒரு ஃபிட்டரைக் கூடுதலாகப் பத்து ஆண்டுகள் பணியில் வைத்திருக்க ஆகும் சம்பளத்தை அந்தத் தொகையோடு ஒப்பிட்டுப் பார்க்கும்படி நிதித்துறையினரைக் கேட்டுக்கொள்கிறேன்.

வெளியே வரப்போகிறவர்களின் நிலையையும் நான் சும்மா விட்டுவிட முடியாது. என் தங்கை மகன் இன்ஜின் பிரிவில் அக்னிவீரராக இருக்கிறான். கடந்த விடுப்பில் வந்திருந்தபோது அவன் விரல்களைப் பார்த்தேன். நுனிகளில் கம்பி கீறிய கோடுகள் இருந்தன, நகக்கண்ணில் சோப்புக்கும் போகாத எண்ணெய்க் கருமை படிந்திருந்தது. மாமா, என்னை வைத்துக்கொள்ளவில்லையென்றால் இந்த வேலையை வெளியே எங்கே போய்ச் செய்வது என்று கேட்டான். நான்காண்டு முடிவில் மொத்தமாகத் தரும் சேவாநிதியாக அவன் கைக்கு ஏறத்தாழ பதினொன்றே முக்கால் லட்சம் ரூபாய் வரும். ஓய்வூதியம் கிடையாது, முன்னாள் படைவீரர் என்ற தகுதியும் கிடையாது. மத்தியக் காவல் படைகளில் பத்து சதவீத இடஒதுக்கீட்டை 2022-இல் அறிவித்தார்கள். அது நல்ல ஏற்பாடுதான். ஆனால் டர்பைனைப் பிரித்துப் பூட்டக் கற்றுக்கொடுத்த கையில் வாயிற்காவல் துப்பாக்கியைக் கொடுப்பதில் நாட்டுக்கு என்ன லாபம்? பயணிகள் விமானங்களைப் பராமரிக்கப் போகலாம் என்றால், அதற்கு விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் உரிமம் வேண்டும். ராணுவ இன்ஜினில் செய்த வேலையை மட்டும் காட்டி அதைப் பெற முடியாது. பாடவாரியான தேர்வுகளை எழுதி, சிவில் விமானங்களில் வேலை செய்த அனுபவத்தையும் காட்ட வேண்டும். அந்தக் கண்டிப்பு தவறன்று. பயணிகளின் உயிர் சம்பந்தப்பட்ட உரிமத்தைத் தளர்த்தும்படி ஓர் இன்ஜின் ஃபிட்டர் ஒருபோதும் கேட்க மாட்டான். நான் கேட்பது, அந்தத் தேர்வுகளைப் பணியில் இருக்கும்போதே எழுத நேரமும் புத்தகங்களும் கட்டணமும் கொடுக்க வேண்டும் என்பதும், நான்காம் ஆண்டின் கடைசி மாதங்களில் சிவில் பராமரிப்பு நிலையங்களில் அவர்கள் வேலை பழக அரசே ஏற்பாடு செய்ய வேண்டும் என்பதும்தான். சென்னை, ஓசூர், கோவை, சேலம், திருச்சி ஆகிய ஐந்து மையங்களைக் கொண்ட பாதுகாப்புத் தொழில் வழித்தடம் நம் மாநிலத்தில் இருக்கிறது. அங்கே வரும் தொழிற்சாலைகள் பயிற்சி பெற்ற கைகளைத் தேடும்போது, தாம்பரத்தில் பயின்ற இந்தப் பிள்ளைகளை முதலில் அழைக்கும்படி மாநில அரசும் கேட்டுக்கொள்ளலாம்.

இவை வெளியேறுவோருக்கான வழிகள். அதற்கு முன், வெளியேறுவோரின் எண்ணிக்கையே இந்தப் பிரிவில் குறைய வேண்டும் என்பதுதான் என் முதன்மையான கோரிக்கை. எல்லாப் பிரிவுகளுக்கும் ஒரே விகிதம் என்று வைக்காமல், இன்ஜின், விமான உடல், மின்னணு, ஆயுதம் ஆகிய தொழில்நுட்பப் பிரிவுகளில் தகுதி காட்டும் அனைவரையும் தக்கவைத்துக்கொள்ள விதியைத் திருத்த வேண்டும். தகுதியில்லாதவரை வைத்துக்கொள்ளச் சொல்லவில்லை. எங்கள் காலத்திலும் சிலருக்கு இந்த வேலை கைவராமல் வேறு பிரிவுக்கு மாற்றப்பட்டார்கள். கைவந்தவரை எண்ணிக்கைக்காக அனுப்புவதைத்தான் எதிர்க்கிறேன்.

தங்கள் நாளிதழின் டெல்லிச் செய்தியாளர் பாதுகாப்பு அமைச்சகத்திடம் ஒரு கேள்வியைக் கேட்டு, கிடைக்கும் பதிலை அப்படியே வெளியிட வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்: முதல் அணியில் இன்ஜின் பிரிவில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் தக்கவைக்கப்படுவார்கள், போகிறவர்களின் இடத்தில் விமானத்தை விடுவிக்கக் கையெழுத்திடும் தகுதியோடு யார் நிற்பார்கள்? என் தங்கை மகனுக்கு அடுத்த விடுப்பு பொங்கலுக்கு. அவன் வருவதற்குள் அந்தப் பதில் கிடைத்தால் அவனிடம் காட்டுவேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற ஜூனியர் வாரண்ட் ஆபீசர் (இன்ஜின் ஃபிட்டர்),
இந்திய விமானப்படை,
கோவில்பட்டி.